சம்மனசு மீன்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் மாத்திரையில் வந்து நிற்கிறது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு முழங்கால், யாருக்குப் படி ஏறினால் இளைக்கிறது. போன வாரம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர், பேரனுக்குக் கண்ணாடித் தொட்டி வாங்கி வண்ண மீன் விட்டிருப்பதாகச் சொன்னார். நான் சட்டென்று மழையைப் பற்றி ஏதோ கேட்டுப் பேச்சை மாற்றினேன். ஏன் என்று நேரில் சொல்ல எனக்கு வராது. எழுதினால் வரும்போலிருக்கிறது.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்திருந்த காலம் அது. அப்பா ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் வீடு கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருந்தது. கடலிலிருந்து வெட்டியெடுத்த கல்லில் கட்டிய பழைய சுவர். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து உதிரும். தம்பி கட்டிலில் படுத்தபடி அந்த உப்பை விரலால் சுரண்டி நாக்கில் வைப்பான். அம்மா பார்த்தால் கையில் ஒன்று போடுவாள்.

அவன் கட்டிலில் கிடந்ததற்குக் காரணம் முந்தின வருடம் வந்த காய்ச்சல். முதலில் தொண்டை வலித்தது. அது போய் முழங்கால் வீங்கியது. முழங்கால் வடிந்ததும் மணிக்கட்டு, பிறகு கணுக்கால். வீக்கம் ஊர் சுற்றுகிறது என்பாள் அம்மா. டாக்டர் அவன் நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, காய்ச்சல் இருதயத்தைத் தொட்டுவிட்டது என்றார். ஓடக்கூடாது, பந்து விளையாடக்கூடாது, கொஞ்ச காலத்துக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், தவறாமல் ஊசி போட வேண்டும், அமைதியாகப் படுத்திருக்க வேண்டும். இதில் அமைதி என்ற சொல்லை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரேடியோ பாடவில்லை. நான் பாடத்தை வாய்விட்டுப் படிக்கக்கூடாது. சந்தில் ஐஸ்காரன் மணியடித்தால் அம்மா வாசலுக்கு ஓடிக் கையைக் காட்டித் துரத்துவாள்.

ஒன்பது வயதுப் பையனை நாளெல்லாம் கட்டிலில் வைத்திருப்பது எப்படி? அதற்குத்தான் மீன் வந்தது.

துறைமுக வேலையிலிருந்த ஒரு அதிகாரி பம்பாய்க்கு மாற்றலாகிப் போனார். அவர் பங்களாவில் இருந்த மீன் தொட்டியை எடுத்துப்போகச் சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிட்டார். ஆகஸ்டில் மாதா திருவிழா முடிந்த வாரம், தொட்டி ஒரு ரிக்‌ஷாவில் வந்தது. பின்னால் அப்பா சைக்கிளில், கைப்பிடியில் மூடிபோட்ட வாளி தொங்க, தண்ணீர் தளும்பத் தளும்ப வந்தார். இரும்புச் சட்டம் போட்ட தொட்டி. கண்ணாடி சேரும் இடத்தில் தண்ணீர் கசியாமல் பூசிய மக்கின் வாசம் அடிக்கும். கூடவே சோப்புப் பெட்டி அளவில் ஒரு பம்பு. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தண்ணீருக்குள் போகும். மின்சாரம் கொடுத்தால் வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டு கொப்புளம் விடும்.

எதிர்வீட்டு மாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏளா, கறிக்கு ஆவாத மீனைக் கொண்டாந்து நடுவீட்டுல வச்சிருக்கிய?" என்று சிரித்தாள். அவள் சிரித்தது நியாயந்தான். இரண்டு வேளையும் மீன் குழம்பு கொதிக்கிற சந்து அது. மீனை உயிரோடு வைத்து வேடிக்கை பார்த்த வீடு எங்களுடையது மட்டுமே.

கறுப்பாகச் சில, வாலில் வண்ணம் தீட்டின பொடிசுகள், இரண்டு தங்க மீன். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒன்று தட்டையாக, உடம்பில் கோடு போட்டு, செட்டைகளை மேலும் கீழும் நீளமாக விரித்துக்கொண்டு நின்றது. அது நீந்தாது, நகரும். அதற்குப் பெயர் ஏஞ்சல் என்றார் அப்பா. "ஏஞ்சல்னா நம்ம சம்மனசுல்லா?" என்றாள் அம்மா. அன்றிலிருந்து அது சம்மனசு மீன். மாதா கோவிலில் பீடத்துக்கு இருபக்கமும் நிற்கிற சம்மனசுகளை அம்மா பார்க்கும் அதே முகத்தோடு அதைப் பார்த்தாள்.

தம்பியின் கட்டிலுக்கு நேராக, அவன் கண் உயரத்துக்குத் தொட்டியை வைத்தோம். முதல் சில நாட்கள் அவன் சாப்பிடவே மறந்தான். எந்த மீன் எதைத் துரத்துகிறது, எது பயந்து மூலையில் ஒதுங்குகிறது, எது எச்சம் போட்டது என்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒப்பிப்பான். சீக்காளிப் பிள்ளைக்கு முகத்தில் களை வந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

அப்பா தொட்டியை இன்னும் அழகாக்க நினைத்தார். முத்துச்சிப்பி ஓடுகளை, உள்பக்கம் மின்னும்படி, மணலில் பதித்தார். கடலில் சங்கு குளிக்கிற ஒருவரிடம் சொல்லிவைத்து ஒரு சங்கும் வாங்கிவந்து நடுவில் நிறுத்தினார். அது சரியாகச் சுத்தமாகாத சங்கு. உள்ளே, கடைசிச் சுருளில், சதை மிச்சம் இருந்திருக்க வேண்டும். தண்ணீர் பால் கலந்ததுபோல் கலங்கியது. வீடெல்லாம் ஒரு வாடை. எங்கள் ஊரில் அந்த வாடைக்கு யார் மூக்கைப் பிடித்தார்கள்? பொடி மீன்களில் பாதி வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தபிறகுதான் அப்பா சங்கை முகர்ந்து பார்த்துத் தூர எறிந்தார். தண்ணீரையெல்லாம் இறைத்துவிட்டு, அம்மா குழாய்த் தண்ணீரைப் புதிதாகப் பிடித்து அப்படியே நிரப்பினாள். அந்த நாட்களில் குழாய்த் தண்ணீர் பிளீச்சிங் பவுடர் வாசத்தோடுதான் வரும். அந்த வாசம் இருந்தால் கிருமி இல்லாத தண்ணீர் என்பது அம்மாவின் நம்பிக்கை. தம்பிக்குக் கொடுக்கிற அதே நல்ல தண்ணீரைத்தானே மீனுக்கும் ஊற்றினாள். மறுநாள் ஒரு தங்க மீன் செத்தது.

இதையெல்லாம்விடப் பெரியது பம்பு விஷயம். பொழுது சாய்ந்து ஜெபமாலை சொல்லி முடித்ததும் அம்மா பம்பை நிறுத்திவிடுவாள். டாக்டர் அமைதி என்று சொல்லியிருக்கும்போது விடிய விடிய ஒரு வண்டு கத்திக்கொண்டிருந்தால் பிள்ளை எப்படித் தூங்குவான்? காலையில் காப்பி போட்டபிறகுதான் மறுபடி போடுவாள்.

விடிகிற நேரத்தில் மீன்கள் எல்லாம் மேலே வந்து, தண்ணீரின் தோலில் வாயை ஒட்டவைத்து, திறந்து மூடி, திறந்து மூடி நிற்கும். அப்பா அதைப் பார்த்துப் பூரித்துப்போவார். "பாரு, நம்மளக் கண்டதும் மேல வருது. பசிக்கி." உடனே பொரிகடலையைப் பொடித்துத் தூவுவார். வருகிறவர்களும் ஆளுக்கொரு கிள்ளு ரொட்டி, இட்லி போடுவார்கள். அது தின்னாமல் ஊறி அடியில் பூஞ்சணமாகக் கிடக்கும்.

ஒருநாள் காலையில் நான் விழித்தபோது தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முதுகுக்கு இரண்டு தலையணை. கையை மடியில் ஊன்றி, தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பசி இல்லக்கா அதுக்கு," என்றான். "மூச்சு முட்டுது."

"ஒனக்கு எப்படிலே தெரியும்?"

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. படுத்தா தண்ணிக்குள்ள கெடக்க மாரி இருக்கு. எந்திரிச்சி உக்காந்தா கொஞ்சம் தேவல."

எனக்குப் பயமாக இருந்தது. அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அவளுக்குத் தெரிந்த நோய் காய்ச்சலோடும் வீக்கத்தோடும் வருவது. "நாள் பூரா மீனையே பாத்துக்கிட்டு இருக்கான்லா, அதான் அப்படித் தோணுது," என்றாள்.

அவன் பம்பை நிறுத்தாதே என்று அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தான். சத்தம் தனக்கு ஒன்றும் செய்யவில்லை, அது ஓடினால்தான் நன்றாக இருக்கிறது என்றான். "நீ தூங்குத பிள்ள, ஒனக்கு என்ன தெரியும்?" என்றாள். அப்புறம் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். "யக்கா, ஒரு டம்ளர்ல அந்தத் தண்ணியவே மோந்து ஒசரத்துலேருந்து ஊத்து." நான் பள்ளிக்கூடம் போகுமுன் நாற்காலியில் ஏறி நின்று அப்படி ஊற்றுவேன். நுரை பொங்கும். சிறிது நேரத்தில் சம்மனசு மீன் வாயை மூடி மெல்லக் கீழே இறங்கும். அவன் கட்டிலிலிருந்து, "போதுங்கா, கை வலிக்கும்" என்பான். யாரும் சொல்லித்தராமல் அந்தப் பொடிப்பயலுக்கு அது எப்படித் தோன்றியது என்று நான் அதிசயித்திருக்கிறேன். மூச்சு கிடைக்காதவன் மூச்சைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான், அவ்வளவுதான்.

புரட்டாசியில் அவன் முகமும் காலும் உப்பின. பார்க்க வந்தவர்கள் கன்னத்தைக் கிள்ளி, சதை போட்டுவிட்டான் என்றார்கள். அம்மாவுக்கு அது கேட்கக் கேட்க இனித்தது. நாக்குக்கு ருசியாகக் கருவாடு பொரித்துக் கொடுத்தாள். ஆனால் நாலு வார்த்தை பேசினால் அவன் நிறுத்தி, வாயைத் திறந்து காற்றை இழுத்தான். எதிர்வீட்டு மாமி ஒரு சாயங்காலம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"ஏளா, நல்லாப் பாரு. அந்த மீனு செய்யித மாரியே செய்யிதான். பாத்துப் பாத்து பிள்ளைக்கு அது ஒட்டிக்கிட்டு. மொதல்ல அத எடுத்து வெளிய போடு."

அம்மா என்னைப் பார்த்தாள். சில வாரங்களுக்கு முன் அவளே சொன்ன வார்த்தை, இப்போது இன்னொருத்தி வாயிலிருந்து வந்ததும் உறுதியாகிவிட்டது. அப்பா வந்ததும் சொன்னாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து மீனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு, தண்ணீரைப் பாதி இறைத்துவிட்டு, இருவருமாகத் தொட்டியைத் தூக்கிப் பின்கட்டு முற்றத்தில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே பம்பு மாட்ட மின்சாரம் கிடையாது.

தம்பி அழுதான். அழ அழ மூச்சு வாங்கியது. வாங்க வாங்க வாய் அகலமாகத் திறந்தது. அப்பா அவனை ஒருநாளும் அடித்ததில்லை. அன்றும் அடிக்கவில்லை. விரலை நீட்டி, "இனிமே வாயத் தொறந்து மீனு மாரி செஞ்சேன்னா பாத்துக்கோ, தொலைச்சிப்புடுவேன்!" என்று அதட்டினார். எங்கள் வீட்டில் வெகுநாளுக்குப் பின் கேட்ட பெரிய சத்தம் அதுதான்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

அப்பா வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, மூக்கால் மட்டும் மூச்சு விட்டான். மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து அடங்கும். கழுத்துக்குக் கீழே ஒரு குழி விழுந்து எழும். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்து திரும்பினதும் வாயைத் திறந்துவிடுவான். அப்பா அம்மாவிடம், "பாத்தியா, மீனத் தூக்குனதும் சரியாப்போச்சு," என்றார். அவருக்கு அதில் எவ்வளவு ஆறுதல் என்று முகத்திலேயே தெரிந்தது.

நான் அம்மாவிடம் சொன்னேன். "யம்மா, அப்பா இருக்கும்போது மட்டுந்தான் வாய மூடிக்கிடுதான். போனபொறவு பாரு."

அம்மா கையிலிருந்த வேலையை விடாமல் யோசித்தாள். "அப்ப, நெனச்சா நிப்பாட்ட முடியுதுல்லா? நடிக்கத்தான செய்யிதான்," என்றாள்.

இத்தனை வருடத்தில் இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். கேட்க எவ்வளவு சரியாக இருக்கிறது! அவள் முட்டாள் இல்லை. பிள்ளை சாகிறான் என்று நம்புவதற்குப் பதில் பிள்ளை நடிக்கிறான் என்று நம்ப ஒரு வழி கிடைத்தது. எந்தத் தாயும் அந்த வழியில்தான் போவாள்.

முற்றத்தில் மீன்கள் அதிக நாள் தாங்கவில்லை. மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை. மத்தியான வெயில் நேராகத் தொட்டியில் விழும். நான் சாக்கை நனைத்துப் போர்த்திவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். வரும்போது சாக்கு காய்ந்து மொரமொரவென்று இருக்கும். தண்ணீரில் கை வைத்தால் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சூடு. தங்க மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிச் சுற்றி வந்து அடங்கியது. கறுப்பு மீன்கள் எப்போது போயின என்று தெரியாது, தண்ணீர் அவ்வளவு பச்சையாகிவிட்டிருந்தது. சம்மனசு மீனின் நீளச் செட்டைகள் ஓரத்தில் கிழிந்து நாராகத் தொங்கின. கடைசியில் அது கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து, மேலே ஏறக்கூடத் தெம்பில்லாமல், பாதி உயரத்தில் நின்றே செத்தது.

தம்பி தினமும் கேட்பான். நான் பொய் சொல்லவில்லை. சம்மனசு மீன் போயிட்டு என்று சொன்னதும், "ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?" என்றான். எனக்கு அழுகை வந்தது. அவன் அழவில்லை. அழுதால் வாய் திறந்துவிடும்.

தொட்டி காலியான பிறகும் அவனுக்கு மூச்சு வாங்கியது. பார்த்துப் பழக மீனே இல்லாத வீட்டில் வாங்கியது. கார்த்திகை மாதம், மழை விடாமல் அடித்த ஒரு காலையில், அப்பா முகம் மழித்துக்கொண்டிருந்தபோது தம்பி இருமினான். இருமல் நிற்கவில்லை. போர்வையில் ரோஜா நிறத்தில் நுரை. அப்பா பாதி முகத்தில் சோப்போடு ஓடிவந்தார். அவன் உதடு நீலமாக இருந்தது. அப்போதும் அப்பாவைக் கண்டதும் வாயை மூடப் பார்த்தான்.

"வாயத் தொற மக்கா. தொறலே! தொறந்து மூச்சு விடு!" என்று அப்பா கத்தினார்.

அலுவலகக் காரில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். அவன் என் கையை விடாததால் நானும் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். அவன் காலை விரலால் அழுத்தினார். விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. சதை போட்டுவிட்டான் என்று எல்லோரும் சொன்ன கால் அது. டாக்டர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "படுக்க முடியாம உக்காந்தே தூங்குறானே, எவ்வளவு நாளா?"

"மீனு வந்ததுலேருந்து," என்றாள் அம்மா.

"எந்த மீன்?"

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். அவள் முகம் மாறியது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் மூக்கில் குழாய் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். பக்கத்தில் ஆக்ஸிஜன் உருளைக்கு மேல் ஒரு கண்ணாடிக் குடுவை. அதில் பாதி தண்ணீர், குமிழ் குமிழாகக் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவனுக்குக் கொஞ்சம் தெளிந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. குடுவையை வெகுநேரம் பார்த்துவிட்டு அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"யம்மா, சத்தமா இருக்குன்னு ராத்திரி இத நிப்பாட்டிராதம்மா."

"நிப்பாட்ட மாட்டேன் ராசா. நிப்பாட்டவே மாட்டேன்," என்றாள் அம்மா. அவன் இருந்த நாட்களெல்லாம் அந்தக் குடுவைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். யாரையும் அதன் அருகில் விடவில்லை. செவிலி வந்தால்கூட எழுந்து குறுக்கே நின்றாள். ஆனால் இருதயத்தில் வால்வு என்கிற ஒரு கதவு நைந்துபோயிருந்தது என்றார் டாக்டர். கிறிஸ்துமஸுக்கு முன்னால், நண்பகலில், அப்பா தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே அவன் போய்விட்டான்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் எதிர்வீட்டு மாமி, ஆட்கள் வருவார்களே என்று, முற்றத்தைக் கழுவித் தொட்டியைக் கவிழ்த்துவைத்திருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அவள் அழுத மாதிரி அந்தச் சந்தில் யாரும் அழவில்லை. அவளை நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சொன்னதை நம்பியது நாங்கள்தானே. அப்பா அந்தத் தொட்டியை உடைக்கவுமில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. இரும்புச் சட்டம் உப்புக் காற்றில் துருப்பிடித்துத் தானாக விழுந்தது. ஒருநாள் பழைய சாமான்காரன் கண்ணாடியைக் கோணியில் கட்டிக்கொண்டு போனான்.

அம்மா அதன்பிறகு நெடுங்காலம் இருந்தாள். என் பிள்ளைகளை அவள்தான் வளர்த்தாள். அவற்றில் ஒன்று வயிறு வலிக்கிறது என்றால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு அதன் முன்னால் தரையில் உட்காருவாள். "சொல்லு மக்கா, எங்கன வலிக்கி? எப்படி வலிக்கி?" பரீட்சை நாளில் வரும் வயிற்றுவலியைக்கூட நம்புவாள். கட்டிலுக்கு அடியில் பூதம் இருக்கிறது என்று சின்னவன் சொன்னபோது, கையில் விளக்கோடு குனிந்து, உள்ளே தவழ்ந்து போய்த் தேடினாள். எதைச் சொன்னாலும் நம்புவாள் என்று தெரிந்தே பிள்ளைகள் அவளை ஏய்க்கும். டாக்டர் வீட்டுக்கு ஒன்றுமில்லாததற்கெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடுவாள். கம்பவுண்டர் சிரிப்பார், என் வீட்டுக்காரர் சிரிப்பார், தெருவே சிரிக்கும்.

அப்பாவும் நானும் மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை.